பச்சிளம் குழந்தைக்கு ஏற்ற படுக்கை

கிராமத்தில் ஒரு வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறதென்றால், பேறுகாலத்துக்கு இரண்டு மாதம் முன்னரே பாட்டிமார் பழைய வேஷ்டிகளையும் புடைவைகளையும் துவைத்து உலர்த்தி மடித்து வைக்கத் தொடங்குகின்றனர். இந்த முன்யோசனை மிகவும் சிலாக்கியமானது. ஆனால் சமீப காலத்தில் இதனுடன் வேறொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. பட்டணத்துக் கடையிலிருந்து மெத்தென்ற நுரை மெத்தை, சுற்றிலும் வைப்பதற்கு உருளைத் தலையணைகள், கனத்த போர்வை ஆகியவை அடங்கிய படுக்கைத் தொகுதி ஒன்றை வாங்கி வருவதே அது. கையில் பணமில்லாதவர்களும் கடன்பட்டேனும் இதனை வாங்குகின்றனர். அன்பின் மிகுதியே அதற்குக் காரணம். எனினும் அந்தப் பணத்துக்குக் கிடைப்பது சுகமன்று. சில சமயம் அபாயமே கிடைக்கிறது.

பிறந்த சிசுவின் படுக்கைக்கு இருக்க வேண்டிய லட்சணங்கள் மூன்று. அது மேடுபள்ளமில்லாமல் சமமாக இருக்க வேண்டும். அழுத்தினால் குழியாதவாறு கெட்டியாக இருக்க வேண்டும். விரிப்பைத் தவிர வேறு பொருள் எதுவும் இல்லாமல் வெறுமையாக இருக்க வேண்டும். இம்மூன்றும் வீட்டிலுள்ள கோரைப்பாயிலும் துவைத்த பழந்துணியிலும் குறைவின்றி அமைந்திருக்கின்றன. ஆகையால் ஏழைக் குடும்பத்தின் குழந்தைக்கும் செல்வர் வீட்டுக் குழந்தைக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இருக்க வேண்டுவதில்லை. இதற்குரிய காரணங்களைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருப்பது அவசியம்.

மென்மை அபாயமாவது எவ்வாறு?

பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருக்கும். அந்தப் பாரத்தைத் தூக்கித் திருப்பத்தக்க பலம் அதன் கழுத்துக்கு இன்னும் உண்டாகவில்லை. மெத்தென்ற பஞ்சிலோ நுரையிலோ குழந்தையின் முகம் அமிழ்ந்துவிட்டால், அது வெளியே விட்ட மூச்சுக்காற்று அந்தக் குழியிலேயே தங்கிவிடுகிறது. குழந்தை அதையே மறுபடியும் உள்ளே இழுக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு குறைந்து கரியமிலவாயு மிகுகிறது. வயது வந்தவர் இந்நிலையில் தூக்கம் கலைந்து புரண்டு படுத்துவிடுவார். சிசுவுக்கு அவ்வாறு விழித்துக்கொள்ளும் சக்தி எப்போதும் வேலை செய்வதில்லை. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், இது சத்தமில்லாமல் நடந்துவிடும். குழந்தை அழுவதில்லை, கைகால்களை உதறுவதுமில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்கும் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது காரணம் மூச்சுக்குழலின் அமைப்பு. சிசுவின் மூச்சுக்குழல் மிகவும் குறுகியது. தலை முன்புறம் கவிழ்ந்து முகவாய்க்கட்டை மார்பில் படுமானால் அக்குழல் மடிந்து அடைபடுகிறது. தலையணை வைப்பதாலும், படுக்கை நடுவில் குழிந்திருப்பதாலும், சாய்வான இருக்கையில் தூங்கவிடுவதாலும் இந்நிலை ஏற்படலாம்.

மூன்றாவது காரணம் வெப்பம். கனத்த போர்வையும் பஞ்சு மெத்தையும் உடற்சூட்டை வெளியேறவிடாமல் தடுக்கின்றன. அளவுக்கு மிஞ்சிய சூடும் தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்துக்குத் துணைக் காரணமாகக் கண்டறியப்பட்டிருக்கிறது.

ஒரு வயதுக்குள் நேரும் இத்தகைய மரணங்களில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே நிகழ்கின்றன. அவற்றுள்ளும் ஒன்று முதல் நான்கு மாதம் வரையிலான காலமே அதிக எச்சரிக்கைக்குரியது. மாலையில் பால் குடித்துச் சிரித்த குழந்தை காலையில் உயிரின்றிக் கிடந்தால், அது கண்ணேறு என்றும், கிரக தோஷமென்றும், தாயின் துரதிர்ஷ்டமென்றும் பேசுவாருண்டு. துக்கத்தின் மேல் பழியையும் தாய் சுமக்கும்படி ஆகிறது. இத்தகைய மரணங்கள் எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கிவிடவில்லை என்பது உண்மையே. ஆயினும் அபாயத்தைக் குறைப்பதற்கான வழிகளில் பல, குழந்தையைப் படுக்கவைப்போர் கையிலேயே இருக்கின்றன.

மல்லாத்திப் படுக்கவைத்தல்

படுக்கைக்கு அடுத்தபடி முக்கியமானது குழந்தை படுக்கும் விதம். பகலாயினும் இரவாயினும், தூங்கவைக்கும்போது குழந்தையை மல்லாத்தியே கிடத்த வேண்டும். குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைத்தல் கூடாது. ஒருக்களித்த குழந்தை எளிதில் குப்புறச் சாய்ந்துவிடும்.

இந்த விஷயத்தில் மேல்நாடுகளின் அனுபவம் பெரும் படிப்பினையாகும். தூக்கத்தில் மூச்சடைத்து இறந்த சிசுக்களில் மிகுதியானவை குப்புறக் கிடந்தன என்பதை அமெரிக்க வைத்தியர் ஆப்ராம்சன் 1944-லேயே எடுத்துக் காட்டினார். எனினும் அதற்குப் பின் பல்லாண்டுகள் அந்நாடுகளில் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்கும்படியே புத்தகங்களும் ஆஸ்பத்திரிகளும் போதித்து வந்தன. 1980-க்குப் பின்னரே இக்கொள்கை நன்கு சோதிக்கப்பட்டது. 1991-ல் நியூஸிலாந்திலும் இங்கிலாந்திலும், 1994-ல் அமெரிக்காவிலும், குழந்தையை மல்லாத்திப் படுக்கவைக்கும்படி தேசமெங்கும் பிரசாரம் நடந்தது. சில ஆண்டுகளுக்குள் இம்மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. கிடைத்திருந்த சான்றுகளை 1970-லேயே ஒழுங்காகத் தொகுத்துப் பார்த்திருந்தால், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய இடங்களில் 50,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்று 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. மருந்தும் இயந்திரமும் இன்றி, படுக்கவைக்கும் விதத்தை மாற்றியதாலேயே இத்தனை உயிர்கள் காக்கப்பட்டன.

குழந்தை மல்லாந்து கிடந்தால், கக்கிய பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடுமே என்று அஞ்சுவாருண்டு. உடலின் அமைப்பை அறிந்தால் இந்த அச்சம் நீங்கிவிடும். குழந்தை மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் செல்ல வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடக்கும்போதோ உணவுக்குழல் மேலேயும் மூச்சுக்குழல் கீழேயும் ஆகிவிடுகின்றன. பால் கொடுத்த பின் குழந்தையைத் தோளில் சாய்த்துச் சற்று நேரம் முதுகைத் தடவி, ஏப்பம் வந்த பின் படுக்கவைத்தால் போதுமானது.

பாயும் விரிப்பும்

புதிய கோரைப்பாய் ஒன்றே உத்தமமான படுக்கை. தரை குளிர்ந்திருந்தால் கீழே இன்னொரு பாயைப் போட்டுக்கொள்ளலாம். பாயின் ஓரங்களில் கோரை முறிந்து குத்துகிறதா என்றும், மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்து, வாரம் ஒருமுறை வெயிலில் உலர்த்த வேண்டும். பாயின் மேல் பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக விரித்து, நான்கு பக்கமும் பாயின் அடியில் இழுத்துச் செருகிவிட வேண்டும். தளர்ந்து கிடக்கும் விரிப்பு குழந்தையின் முகத்தின் மேல் சுருண்டு வரக்கூடும். ஈரம் பரவாதிருக்க ரப்பர் விரிப்புப் போடுவதானால், அதையும் துணியின் அடியில் அசையாதபடி செருக வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் தாளை எக்காரணத்தாலும் குழந்தையின் அருகில் வைத்தலாகாது.

மெத்தைதான் வேண்டுமென்போர் இலவம்பஞ்சு மெத்தையையும் நுரை மெத்தையையும் தவிர்த்து, பருத்திப் பஞ்சை இறுக்கி அடைத்துத் தைத்த மெல்லிய மெத்தையைக் கொள்ளலாம். அதன் கெட்டித்தன்மையை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. உள்ளங்கையால் மெத்தையை நன்றாக அழுத்திக் கையை எடுத்தவுடன், அது உடனே பழைய உருவத்துக்குத் திரும்ப வேண்டும். கையின் பள்ளம் தங்கினால் அது குழந்தைக்கு ஏற்றதன்று. தூங்கியெழுந்த குழந்தையின் தலை இருந்த இடம் குழிந்து காணப்பட்டாலும் அந்த மெத்தையை நீக்கிவிட வேண்டும்.

தொட்டிலும் தூளியும்

மரத்தொட்டில் உள்ளவர்கள் அதன் கம்பிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பார்ப்பது நலம். அது 6 சென்டிமீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டேகால் அங்குலத்துக்கு, மேற்படலாகாது. மேற்பட்டால் குழந்தையின் உடல் நழுவித் தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் தொட்டிலின் பக்கங்களுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் சந்தும் இருத்தல் கூடாது. கம்பிகளைச் சுற்றிப் பஞ்சுத் தடுப்புக் கட்டுவதும் தவறு. இத்தகைய தடுப்புகளின் விற்பனையையே அமெரிக்க அரசாங்கம் 2022-ல் சட்டம் இயற்றித் தடை செய்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் தூளிக்குள்ள இடம் பெரியது. தாயின் புடைவையை விட்டத்தில் கட்டி ஆட்டினால் அழும் குழந்தை அடங்குகிறது. தாயின் கை வேலைக்கு ஒழிகிறது; எறும்பு, தேள் முதலியவற்றின் பயமும் குறைகிறது. இந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஆயினும் தூளியில் குழந்தையின் உடல் வில்லைப்போல் வளைகிறது. முகவாய் மார்பை நோக்கிக் கவிகிறது. இருபக்கத்துத் துணியும் முகத்தை நெருங்குகிறது. ஆகையால் தூளியைக் குழந்தையை அமர்த்துவதற்கு உரியதாகக் கருத வேண்டுமேயன்றி, இராமுழுதும் தூங்குவதற்குரிய படுக்கையாகக் கொள்ளலாகாது. விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் அருகிலிருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் இடலாம். கண் அயர்ந்ததும் எடுத்துப் பாயில் மல்லாத்திக் கிடத்திவிட வேண்டும். துணியை அகல விரித்துப் பிடிக்கும் குறுக்குக் கட்டையைப் போடுவதும், முடிச்சையும் விட்டத்தையும் அடிக்கடி சோதிப்பதும் அவசியம். நிறைமாதத்துக்கு முன் பிறந்த குழந்தையையும் எடை குறைந்த குழந்தையையும் தூளியில் இடாதிருத்தலே தகும். குழந்தை புரளத் தொடங்கியதும் தூளியை நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. காலியாகத் தொங்கும் தூளியில் மூத்த குழந்தைகள் ஏறிச் சுழன்று விளையாடுவர். துணி முறுக்கிக்கொண்டு கழுத்தை இறுக்கியதால் நேர்ந்த மரணங்களை இந்திய வைத்தியர்கள் பதிவு செய்திருக்கின்றனர். ஆகையால் உபயோகமில்லாதபோது தூளியை அவிழ்த்துவிடுவதே நல்லது.

படுக்கையில் இருக்கத் தகாதவை

தலை உருண்டையாக வர வேண்டுமென்று கடுகு அடைத்த தலையணையைச் சில வீடுகளில் வைக்கின்றனர். ஒரு வயது வரையில் குழந்தைக்கு எவ்விதத் தலையணையும் வேண்டுவதில்லை. தையல் பிரிந்தால் கடுகு வாயிலும் மூக்கிலும் புகும் அபாயமும் உண்டு. தலை ஒரு பக்கம் தட்டையாகாதிருக்க, விழித்திருக்கும் வேளையில், பெரியவர் பார்த்துக்கொண்டிருக்க, தினந்தோறும் சிலமுறை குழந்தையைக் குப்புறக் கிடத்தி விளையாடவிடலாம். இதனால் கழுத்தும் பலப்படும். தலையை வலமும் இடமும் மாற்றி மாற்றித் திருப்பி வைப்பதும் உதவும்.

காப்புக்காகப் படுக்கையில் இரும்புத் துண்டும் வேப்பிலையும் வைப்போர், அவற்றை நிலைப்படியில் வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் கட்டிய கயிறு, மணி, தாயத்து ஆகியவற்றைத் தூக்கத்தின்போது அவிழ்த்துவிட வேண்டும். வசம்பு கோத்த கயிறும் கழுத்தில் இருத்தல் ஆகாது. பொம்மையும், மடித்த துணியும், குழந்தை உருளாதிருக்க இருபக்கமும் அணைக்கும் தலையணையும் படுக்கையை விட்டு அகற்றத்தக்கவையே.

தாயும் சேயும்

சிசு தாயிருக்கும் அறையிலேயே, அவள் கைக்கெட்டும் தூரத்தில், தனக்கென விரித்த தனிப்பாயில் தூங்குவது உத்தமம். குறைந்தது ஆறு மாதம் வரை இம்முறையை அனுசரிக்க வேண்டும். இரவில் பால் கொடுப்பதற்கும் இதுவே வசதி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் திடீர் மரண அபாயமும் குறைவு.

களைத்த தாய் பால் கொடுக்கையில் கண்ணயர்ந்துவிடுவது இயற்கை. அதற்காக அவளைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. சாய்வு நாற்காலியிலும் மெத்தென்ற சோபாவிலும் அமர்ந்து பால் கொடுக்கும்போது தூங்கிவிடுவதே மிகப் பெரிய அபாயம். இரவில் தூக்கம் வருமென்று தோன்றினால், தலையணையும் போர்வையும் அகற்றிய கெட்டியான பாயில் பால் கொடுப்பது அதைவிட மேல். விழிப்பு வந்ததும் குழந்தையை அதன் பாய்க்கு மாற்றிவிடலாம். மது அருந்தியவர், பீடி சிகரெட் புகைப்பவர், தூக்கம் வருவிக்கும் மருந்து உட்கொண்டவர், மூத்த குழந்தைகள் ஆகியோர் சிசுவுடன் ஒரே பாயில் படுத்தல் கூடாது. வீட்டிற்குள் புகைபிடிப்பதையே நிறுத்திவிட வேண்டும். சிசுவைக் காப்பதில் தந்தைக்குரிய பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

வெப்பமும் கொசுவும்

பெரியவர் ஓர் உடை உடுத்தியிருந்தால் சிசுவுக்கு அதைவிட ஒரு சுற்றுத் துணி அதிகமிருந்தால் போதும். கோடையில் அதுவும் வேண்டுவதில்லை. கைகால் சில்லென்றிருப்பதை மட்டும் கொண்டு குளிர் என்று தீர்மானிக்கலாகாது. மார்பையும் பிடரியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்விடங்களில் வியர்வையிருந்தால் துணியைக் குறைக்க வேண்டும். பிறந்தவுடனும், எடை குறைந்த குழந்தைகளுக்கு வைத்தியர் சொல்லும் காலம் வரையிலும் குல்லாய் அவசியமாகும். அதன்பின் வீட்டிற்குள் தூங்கும்போது தலையைத் திறந்தே வைக்க வேண்டும். போர்வைக்குப் பதில் உடம்போடு பொருந்திய சட்டை போடலாம்.

கொசுவுக்காகப் புகை போடுவது சிசுவின் சுவாசத்துக்குக் கேடு. கூடு போல நிற்கும் சிறு கொசுவலையே தக்க சாதனம். அதன் துணி குழந்தையின் மேல் சாயாதபடி விறைப்பாக நிற்க வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

பின்லாந்து தேசத்தில் 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கு அரசாங்கம் ஒரு பெட்டியை வழங்கி வந்தது. 1949-ல் இது எல்லாத் தாய்மாருக்கும் உரியதாயிற்று. உள்ளே துணிமணிகளும் கெட்டியான சிறு மெத்தையும் இருக்கும்; பொருள்களை எடுத்துவிட்டால் அட்டைப்பெட்டியே குழந்தையின் முதற் படுக்கையாகும். கர்ப்பத்தின் நாலாம் மாதம் முடிவதற்குள் வைத்தியப் பரிசோதனைக்கு வந்தவர்க்கே பெட்டி என்ற நிபந்தனைதான் அதன் பெரும் பலன். நியூஸிலாந்தின் மவோரி மக்கள் தங்கள் பழைய கைத்தொழிலைக் கொண்டு 2006-ல் நாரால் முடைந்த சிறு படுக்கைக் கூடையொன்றை அமைத்தனர். குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொள்ளும் வழக்கத்தைக் கைவிடாமலே அதற்குத் தனியிடம் கிடைக்க அது வழிசெய்தது. தமிழ்நாட்டில் 2015-ல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவித்த தாய்மாருக்கு வழங்கத் தொடங்கிய பெட்டகத்திலும் சிறு படுக்கையும் வலையும் இடம் பெற்றன.

கூட்டுறவுச் சங்கங்கள் தத்தம் அளவில் இதைப் பின்பற்றுதல் கடினமன்று. பாய் முடைவோர் உள்ள ஊரில் சிசுவுக்கேற்ற சிறு பாயையும், நெசவாளர் சங்கமுள்ள ஊரில் அதற்குப் பொருந்தும் விரிப்பு இரண்டையும், ஒரு கொசுவலையையும் சேர்த்து அடக்க விலைக்கு அங்கத்தினருக்குக் கொடுக்கலாம். கிராம சுகாதாரச் செவிலியரை மகாசபைக் கூட்டத்துக்கு அழைத்து, குழந்தையைப் படுக்கவைக்கும் முறையை ஆண்களும் பாட்டிமாரும் அறியும்படி செய்துகாட்டச் சொல்லலாம். ஆடம்பரப் படுக்கைக்காகக் கடன் கேட்கும் அங்கத்தினருக்கு, அதைவிட நல்ல படுக்கை அவர் வீட்டுப் பரணிலேயே இருக்கிறதென்று எடுத்துரைப்பதும் நிர்வாகிகளின் கடமையாகும்.

கடனில்லாமல் கிடைப்பதும், கழுவி உலர்த்தினால் புதிதாவதும், குழந்தையின் மூச்சுக்குத் தடை செய்யாததுமாகிய வெறும் பாயில், மல்லாந்து, தாயின் கைக்கெட்டும் தூரத்தில் தூங்கும் குழந்தைக்கு வேறு படுக்கை தேட வேண்டுவதில்லை.